தயிர் உறையாத மூன்று நாள்

அன்புள்ள கண்ணு,

கல்யாண வேலைக்கு நடுவில் அம்மா எதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். ஒரு முறை நீ கம்பெனி பஸ்ஸில் இருந்தாய், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை எடுத்ததுமே "சாப்டியாம்மா?" என்று கேட்டாய். நானும் சாப்பிட்டேன் என்று சொல்லி, மண்டபத்தில் வாழைமரம் யார் கட்டுவது என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு இது வாயில் வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அத்தை வேடிக்கையாக நித்யாவிடம், "ஏங் கண்ணு, சமையலெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள். நித்யா சிரித்துக்கொண்டே, "எல்லாம் தெரியுங்க. தயிர் மட்டும் என்னையக் கேக்காதீங்க. எங்கூட்டுப் பால்ல தயிரே உறையாது, எங்கம்மா ராசி அப்படீன்னு ஊருக்கே தெரியுமுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவள் அம்மா சரோஜாவும் சிரித்தபடியே தட்டில் வெற்றிலையை அடுக்கினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பாத்திரம் கழுவப் போனேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். உன்மேலோ நித்யாமேலோ எனக்கு வருத்தமில்லை. அந்தப் பிள்ளை ஆறு வயதிலிருந்து கேட்ட பேச்சு அது. அந்தப் பேச்சை ஊரில் உண்டாக்கியவள் நான். உன் மாமியாராக வரப்போகிறவள் அந்த உண்மையைப் பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது எட்டு வயது. பொட்டுவை உனக்கு நன்றாகத் தெரியும், நெற்றியில் வெள்ளை வைத்த ஜெர்சிக் கலப்பு மாடு. ஜெகதளாவுக்குக் கீழே இதே வீட்டில்தான் இருந்தோம். உங்கப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வரத்துக் குறைந்து, வாரத்தில் பாதி நாள் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு ஓடியது பொட்டுவின் பாலில்தான். இப்போது இருக்கிற பால் சொசைட்டி அன்றைக்கு இல்லை. பஸ் நிற்கும் வளைவில் காதர் பாய் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பால் ஊற்றியவர்கள் இரண்டே பேர், நானும் சரோஜாவும். அவள் நம் வீட்டுக்கு இரண்டு வீடு கீழே. புருஷனுக்கு எஸ்டேட்டில் தேயிலைச் செடி வெட்டிவிடும் கவாத்து வேலை, அவளுக்கு ஒரே ஒரு கறுப்பு மாடு. காலையிலும் சாயங்காலமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் படியேறுவோம். இரண்டு கேன் பாலையும் பாய் ஒரே அண்டாவில் ஊற்றிக் காய்ச்சுவார். டீக்குப் போக மீதியை உறை ஊற்றுவார். மதியம் அவர் கடைத் தயிருக்காகவே டிரைவர்கள் லாரியை நிறுத்திச் சாப்பிடுவார்கள்.

அந்த வருஷம் ஆடிச் சாரல் விடவே இல்லை. கொட்டகைத் தரை காயவில்லை, சாணியும் மூத்திரமும் சேறாகக் கிடந்தது. ஒரு காலை பீச்ச உட்கார்ந்தால் பொட்டு உதைத்தது. வலது பின்காம்புப் பக்கம் மடி கல்லாக இறுகி, கை வைத்தால் சுட்டது. பீச்சியதில் பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீரும் அதில் திரித்திரியாகக் கட்டியும் வந்தன. குன்னூரிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் கை பதறாதவர். நாலு காம்பிலிருந்தும் ஒரு தட்டின் நாலு குழியில் பால் பீச்சி, ஊதா நிற மருந்தை ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழியில் தண்ணீராகவே இருந்தது. நாலாவதில் பசைபோல் கெட்டியானது. "மடிநோய்ம்மா. ஈரத் தரையில படுக்கறப்போ கிருமி காம்பு வழியா உள்ள போயிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் கூப்பிட்டீங்க" என்றார்.

கழுத்தில் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார். அந்தக் காம்பைத் துடைத்துச் சுத்தம் பண்ணி, அதன் துளை வழியாக ஒரு ட்யூப் மருந்தை உள்ளே ஏற்றினார். மீதி நாலு ட்யூப்பை என் கையில் கொடுத்து, எப்படி ஏற்றுவது என்று காட்டினார். ஊசி போட ஆஸ்பத்திரி உதவியாளர் தினமும் வருவார், மொத்தம் அஞ்சு நாள் என்றார். படியிறங்கும்போது நின்று, "ரெண்டே விஷயம். வீக்கம் வத்திட்டாலும் அஞ்சு நாளும் மருந்து போகணும். இன்னொண்ணு, மருந்து நடக்கிற வரைக்கும், கடைசி ஊசிக்கு அப்புறம் நாலு நாளும், பாலைக் கீழ ஊத்திடுங்க. விக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது" என்றார். "மத்த மூணு காம்பு நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று கேட்டேன். "ஊசி ரத்தத்துல போகுதும்மா. நாலு காம்புலயும் வரும். சில பேருக்கு அந்த மருந்து ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சுடும். சின்னப் பிள்ளைங்க குடிக்கிற பாலாச்சே" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் மற்ற மூன்று காம்பிலிருந்தும் வெள்ளை வெளேரென்று பால் வந்தது. நுரையும் வாசமும் எப்போதும் போலத்தான். ஒன்பது நாள் பால் ஊற்றாமல் இருந்தால் பாய் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார் என்ற பயம் எனக்கு. கேனில் ஊற்றி எடுத்துப் போனேன். கண்ணு, இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த நாட்களில் உனக்கு நான் அந்தப் பாலைக் கொடுக்கவில்லை. வரக்காப்பி போட்டுக் கொடுத்தேன். "ஏம்மா பால் ஊத்தல?" என்று கேட்டாய், கன்றுக்குப் பற்றவில்லை என்றேன். தெரியாமல் செய்தேன் என்று மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உன் டம்ளரில் ஊற்றாமல் விட்டவளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

முதல் நாள் தயிர் உறையவில்லை. குளிர் என்று பாய் விட்டுவிட்டார். நம் ஊரில் மழை நாளில் அது வழக்கம்தானே, அடுப்புப் பக்கம் வைத்தால்தான் தோயும். இரண்டாம் நாள் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தார், அப்போதும் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து புது உறைமோர் வாங்கி ஊற்றினார். அதுவும் உறையாமல் ஒரு மாதிரி கொழகொழவென்று நின்றது. மதியம் சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்துப் போயிருக்கிறார்கள். நாலாம் நாள் காலை சரோஜாவின் மாடு முரண்டு பிடித்ததால் நான் மட்டும் முன்னால் போனேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா, கோவிச்சுக்காதீங்க. மூணு நாளா தயிர் உறையல. உங்க ரெண்டு பேர் பால்ல ஒண்ணுலதான் என்னமோ இருக்கு. மாட்டுக்கு ஏதும் மருந்து கிருந்து குடுத்தீங்களா?"

"எங்க மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதோடு நின்றிருந்தால்கூட அது ஒரு பொய்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரோஜா மாட்டுக்குத்தான் போன வாரம் ஊசி போட்டாங்கனு நெனைக்கறேனுங்க" என்றேன்.

அது உண்மைதான். அவள் மாட்டுக்குப் போன வாரம் போட்டது சினை ஊசி, மாடு சினை பிடிக்கப் போடுவது. அதற்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொட்டுவைக் கட்டிப்போட்டுவிட்டு நானேதான் அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சினை என்ற வார்த்தையை மட்டும் நான் விட்டுவிட்டேன். உனக்கும் நித்யாவுக்கும் நடுவில் நாளைக்கு ஆயிரம் பேச்சு வரும். முழுப்பொய் சொல்ல உன்னால் முடியாது, நீ உங்கப்பா மாதிரி. ஆனால் பாதியை மட்டும் சொல்லி, மீதியை எதிரில் இருப்பவர் தப்பாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விடுகிற புத்தி என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம். வந்தால் உடனே திருத்திக்கொள், அன்றைக்கே திருத்திக்கொள்.

பாய் சரோஜாவிடம் "கொஞ்ச நாளைக்குப் பால் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் கேனோடு படியிறங்கி வந்து என்னிடம்தான் முறையிட்டாள். "ஏனக்கா, எம்பால்ல என்னக்கா குத்தம்? தண்ணிகூட ஊத்துனதில்லயே நான்?" நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. வீட்டுக்கு வந்ததும் அடுத்த பயம் பிடித்தது. மருந்து தொடர்ந்தால் என் பாலிலும் தயிர் உறையாதே, குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று. ஊசி போட வந்தவரிடம், "வீக்கம் சுத்தமா வத்திப்போச்சுங்க, டாக்டரம்மா போதும்னுட்டாங்க" என்று திருப்பி அனுப்பினேன். மிச்சமிருந்த இரண்டு ட்யூப்பையும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் சொருகினேன். கன்றுக்கு வயிற்றுப்போக்கு, பாலை அதற்கே விடுகிறேன் என்று பாயிடம் சொல்லி நாலு நாள் ஊற்றவில்லை. அந்த நாட்களில் அவர் பாக்கெட் பால் வாங்கினார். அப்புறம் நான் கொண்டுபோன பாலில் தயிர் கட்டியாக உறைந்தது. "உங்க பால்ல குத்தமில்லம்மா" என்றார் பாய். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சரோஜாவிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு டீக்கடைகளும் நிறுத்தின.

அவள் புருஷனைப் பற்றி உனக்குத் தெரியும். இப்போது சாந்தமாக இருக்கிறார். அப்போது சட்டென்று கோபம் வரும் மனிதர். பாலை விற்க முடியாத மாட்டுக்கு எதற்குப் புல் சுமக்க வேண்டும் என்று பத்தே நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தரகரை வரவழைத்துவிட்டார். மாட்டை டெம்போவில் ஏற்றும்போது நான் நம் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றேன். அது பலகையில் கால் வைக்க மறுத்தது. சரோஜாவே முன்னால் ஏறி நின்று கூப்பிட்ட பிறகுதான் ஏறியது. நித்யா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டி நின்றிருக்கும். இருபது அடி தூரம்தான். போகவில்லை.

அந்த வண்டி போன மூன்றாம் நாள் பொட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பு தணலாகக் கொதித்தது, காதுகள் தொங்கிவிட்டன, தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதே காம்பில் ரத்தம் கலந்த தண்ணீர் வந்தது. உங்கப்பா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாட்டின் முனகலைக் கேட்டு சரோஜா மேலே ஏறி வந்தாள். அவள் கொட்டகை காலியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. "என்னக்கா இப்படி உட்டுட்டே?" என்று கேட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகினாள். என் அடுப்பிலேயே வெந்நீர் வைத்து, துணியில் நனைத்து மடிக்கு ஒத்தடம் கொடுத்தாள். என்னால் தொட முடியாத காம்பை அவள் விரலால் மெதுவாக வருடி வருடி, அந்தக் கெட்ட நீரை வெளியே எடுத்தாள். பொட்டு அவளை உதைக்கவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அஞ்சு நாளும் மருந்து போச்சா?" என்று கேட்டார். போச்சுங்க என்றேன். அவர் மருந்துப் பையை வைக்க இடம் தேடித் தவிட்டு மூட்டையை நகர்த்தினார். இரண்டு ட்யூப்பும் கீழே விழுந்தன. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார், திட்டவில்லை. "மூணு நாள்ல நிறுத்திட்டீங்க. அரைகுறையா அடிபட்ட கிருமி உள்ளயே இருந்து பெருகியிருக்கு. இனி பழைய மருந்து கேட்குமான்னு தெரியல. பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு பாக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் வேற மருந்து போடறேன்" என்று சொல்லிக்கொண்டே நரம்பில் ஊசி ஏற்றினார். அப்புறம் நிமிர்ந்து, "மருந்து போன அந்த மூணு நாள் பாலை என்ன பண்ணீங்க?" என்றார். நான் குனிந்து தவிட்டு மூட்டையைச் சரிப்படுத்தினேன். "வித்தீங்களாம்மா? அந்தப் பால்ல தயிர்கூட உறையாதே. உறைமோர்ல இருக்கிற நல்ல கிருமியையும் அந்த மருந்து கொன்னுடுமே."

சரோஜாவின் கை மடியில் அப்படியே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த விரல்கள் மறுபடி பீச்சத் தொடங்கின. டாக்டரம்மா சீசாவில் பாலை எடுத்து மூடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அந்தக் காம்பைக் காலி பண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஜீப் வளைவு திரும்பியதும் சரோஜா கேட்டாள்.

"பாய்கிட்ட ஊசியப் பத்திச் சொன்னது நீதானாக்கா?"

"ஆமா."

"சினை ஊசின்னு சொன்னியா?"

"இல்ல. ஊசின்னு மட்டுந்தான் சொன்னேன்."

அவள் வாளியில் கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். நான் அவள் காலில் விழப் போனேன். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள். "ரெண்டு மணி நேரங் கழிச்சு மறுக்கா பீச்சோணும்னு சொல்லீருக்காங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சொன்னபடி வந்தாள். இருட்டுவதற்குள் மூன்று முறை வந்து பீச்சிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டரம்மா சொன்னதுதான் நடந்திருந்தது. பழைய மருந்துக்கு அந்தக் கிருமி மசியவில்லை, புதிதாகக் கொடுத்ததற்குத்தான் அடங்கியது. பொட்டு பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் காம்பு வற்றிச் சுருங்கிப்போனது. கடைசி வரை அது மூன்று காம்பு மாடுதான்.

பாயிடம் போய் நான் சொன்னேன். அதை நீ என் கணக்கில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கடை அடைத்திருந்த மத்தியான வேளையில், பின்பக்கச் சமையல்கட்டில், அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம்மா பண்ணிட்டீங்க. அந்தப் புள்ள மாட்டையே வித்துருச்சே" என்றார். அன்றைக்கே சரோஜா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஆனால் என்னிடம், "வெளியில சொல்லாதீங்க. உங்க பாலையும் ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. சரோஜா பால் நல்ல பால்தான்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நான் அந்த இரக்கத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவரும் நாலு பேரிடம் சொன்னார். மாடே இல்லாதவளின் பால் நல்ல பால் என்று சொன்னால் யார் காதில் ஏறும்? தயிர் உறையாத கதை மட்டும் வேடிக்கைப் பேச்சாக ஊரில் தங்கிவிட்டது. உங்கப்பாவிடம் சொன்னபோது, "ஊர்ல சொல்லோணும்" என்றார். நான் அழுதேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

புது மருந்து முடிந்து, டாக்டரம்மா சொன்ன நாட்களும் கழிந்த பிறகு, தினமும் ஒரு செம்பு பாலை சரோஜா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவேன். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே இருக்கும். எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் செம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நித்யாவுக்குச் சளி பிடித்து எதுவும் இறங்காமல் பால் மட்டும் குடித்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் பால் நின்றதில்லை. ஆனால் வழியில் பார்த்தால் அவள் என்னை, "வாங்க, போங்க, நல்லாருக்கீங்களா" என்பாள். அதுவரை "ஏனக்கா, வா, போ" என்று பேசினவள். அந்த 'ங்க'வைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் அப்படித்தான்.

பொட்டு அடுத்து ஈன்றது கிடாரிக் கன்று. பால் மறந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரோஜா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். கன்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கன்னுக்குட்டியக் குடுத்தா எல்லாஞ் சரியாப் போயிருமா?" என்றாள். ஆகாது என்றேன். கன்று அவள் முந்தானையை வாயில் கவ்விச் சப்பத் தொடங்கியது. அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள், அது விடவில்லை. "சரி, கட்டீட்டுப் போக்கா. இது என்ன பண்ணுச்சு, பாவம்" என்றாள். அக்கா என்று சொன்னது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ, நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். இப்போது அவள் கொட்டகையில் நிற்கிற மூன்று மாடும் அந்தக் கன்றின் வழியில் வந்தவை. உங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், நீ வந்து என்னிடம் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. பெண் பார்க்கும் நாளில் சரோஜா எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து, "எம்புள்ளைக்கு அக்கா ஊடு புதுசில்லீங்க" என்று உன் அத்தையிடம் சொன்னாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருசமா நீ ஏன் சரோஜா சொல்லல?" என்று கேட்டேன்.

"அப்ப சொல்லீருந்தா உம்பாலையும் நிறுத்தீருப்பாங்க. எம்மாடும் இல்ல, உம்மாட்டையும் வித்துருப்பீங்க. எம்புள்ள எந்தப் பாலக் குடிச்சிருக்கும்? அப்பறம் நாளாச்சு. நாளானதுக்கப்பறம் சொன்னா உன்னையக் காட்டிக் குடுக்கற மாதிரி ஆயிரும்." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "ஆனா எம்புள்ள அதச் சொல்லிச் சிரிக்கறப்ப எனக்கு வலிக்கும்க்கா. ஒவ்வொரு தடவையும் வலிக்கும். நீயே சொல்லீட்டா நல்லா இருக்கும்னு இருந்தேன்" என்றாள்.

பதினெட்டு வருஷம் அவள் காத்திருந்திருக்கிறாள், கண்ணு. அவளுக்கு மறந்துபோயிருக்கும், ஆறிப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனேன். பத்துப் பன்னிரண்டு பேர் கேனோடு வரிசையில் நின்றார்கள். சரோஜா எனக்கு முன்னால் நாலாவது ஆள். பால் அளக்கும் பெண் இன்னும் கருவியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றேன். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. அன்னைக்குக் காதர் பாய் கடைத் தயிர் உறையாமப் போனது சரோஜா பாலால இல்லீங்க. எம்மாட்டுக்கு மடிநோய் வந்து மருந்து குடுத்துட்டிருந்தேன். டாக்டரம்மா விக்கக் கூடாதுன்னு சொல்லியும் வித்தேன். பாய் கேட்டப்ப சரோஜா மேல பழியப் போட்டேன். அதனாலதான் அவ மாட்ட வித்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒருத்தி, "கல்யாணத்த வெச்சுக்கிட்டு இப்ப எதுக்குங்கக்கா இதெல்லாம்?" என்றாள். பெரியவர் ஒருவர், அந்தத் தயிர்க் கதையைச் சொல்லி நிறையச் சிரித்தவர்தான், கேனைக் கீழே வைத்துவிட்டு, "நானும் உன்னைய ரொம்பப் பேசீருக்கறேன் சரோஜா" என்றார். சரோஜா முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்தாள். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சரி சரி, லைன் நவுரட்டும். பால் கெட்டுப்போகப் போகுது. அக்கா, நீ வந்து உன் எடத்துல நில்லு" என்றாள்.

இந்தக் கடிதத்தை நித்யாவிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, உன் குரலில் என்னை நல்லவளாக்கிவிடுவாய். அவளே படிக்கட்டும். அவள் அம்மா எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியாமல் அவள் நம் வீட்டுக்கு வரக்கூடாது. படித்துவிட்டு அவளுக்கு என்மேல் கோபம் வரும், வர வேண்டும். அப்போது நீ குறுக்கே விழுந்து, அம்மா பாவம், அன்றைய கஷ்டம் அப்படி என்றெல்லாம் எனக்காகப் பேசக்கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு, போதும். கல்யாணத்தன்று அவள் என் காலில் விழப் பிரியப்படாவிட்டால், நீ கண்ணைக் காட்டாதே. வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். நான் காலையில் அவளுக்கு டீ போட்டு வைப்பேன். அவள் குடிக்கிற அன்றைக்குக் குடிக்கட்டும்.

உன் அம்மா